பதினோராவது நிமிடத்துக் காபி

எங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டுமென்றால் முதலில் அது என் ஸ்டூடியோவுக்கு வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஐப்பசியிலும் வடகிழக்குப் பருவமழை வரும். வாய்ஸ் ரூமில் நின்று ஐம்பது நிமிடம் பெய்யும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நான் அதைக் கலந்து கொடுப்பேன். மூன்றாம் நாள், நான் கலந்தது எதுவோ அது செங்கால்மடையின் மேல் முதல் மழையாகப் பெய்யும். அந்தப் பருவத்தில் பின்னால் வரும் மழைகளெல்லாம் முதல் மழையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பெய்யும்.

கலவையில் இல்லாதது பெய்யாது. 1986இல் இடியின் சானலைத் திறக்க மறந்துவிட்டேன். அந்த வருடம் மின்னல் வந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது. ஊரில் ஒரு காளான்கூட முளைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எதையும் மறந்ததில்லை. நான் மதுரையில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். துணைப்பாடம் தமிழ். மழை அகவலில் தொடங்கித் துள்ளலுக்குப் போகும் இடம் எனக்கு விரல் நுனியில் தெரியும்.

இந்த வருடம் செப்டம்பர் இருபதாம் தேதி மழையின் கடிதம் வந்தது. வழக்கம்போல உறை நனைந்து, எழுத்து கசிந்து இருந்தது. அக்டோபர் பதினேழு, காலை பத்து மணி என்று தேதி கொடுத்திருந்தது. கூடவே ஒலிச் சோதனைக்காக ஓர் இருமல் மருந்து பாட்டிலில் இரண்டு தூறல் அனுப்பியிருந்தது.

கடிதம் வந்த நாலாம் நாள் எங்கள் மிக்ஸர் போர்டு நின்றுபோனது. இருபத்துநாலு சானல் போர்டு. நாற்பத்தொரு வருடம் உழைத்தது. அதை ஹாலில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினோம். பால் ஊற்றவில்லை. மின்சாரப் பொருளுக்குத் திரவம் ஆகாது.

போர்டு போனதில் எனக்கு ஒரு கவலைதான் இருந்தது. அது பதினாலாவது சானலைப் பற்றியது.

1993இல் பதிவு நடந்துகொண்டிருந்தபோது என் கணவர் காபி கொண்டுவந்தார். அவருக்கொன்று, எனக்கொன்று. போர்டின் ஓரத்தில் டபராவை வைக்கும்போது அவருடைய உள்ளங்கை டாக்பேக் பொத்தானின் மேல் ஊன்றிவிட்டது. கன்ட்ரோல் ரூமிலிருந்து உள்ளே பாடுகிறவரோடு பேசுவதற்கு உள்ள பொத்தான் அது. அது அழுந்தியிருப்பது தெரியாமல் அவர் சொன்னார்:

"இந்தா, காபி ஆறிப்போகுது."

அப்போது பதினோராவது நிமிடம். மழை தொழில் தெரிந்தது. நிறுத்தவில்லை. அந்தச் சொற்கள் எப்படியோ பதினாலாவது சானலில் இறங்கிக்கொண்டன. நான் பதில் சொல்லவில்லை. பதிவு நடக்கும்போது பேசக்கூடாது என்பது ஸ்டூடியோவின் முதல் விதி. அந்த விதியைக் கறுப்பு மையில் எழுதிக் கதவில் ஒட்டியதே நான்தான். அவர் தன் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் காபியைக் கலக்கிக் குடிக்கிறவர் இல்லை. டம்ளரின் அடியில் சர்க்கரை அப்படியே இருக்கும். என்னுடையது ஆறிப்போனது.

மூன்றாம் நாள் முதல் மழை பெய்தபோது பதினோராவது நிமிடத்தில் ஊர் முழுக்க, ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் பஸ்ஸின் மேலும், "இந்தா, காபி ஆறிப்போகுது" என்று பெய்தது. எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இந்தா' என்றால் யாராகவும் இருக்கலாம். எனவே ஊரில் எல்லோரும் மழை தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எழுந்துபோய்க் காபி குடித்தார்கள்.

மறுவருடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் பதினாலாவது சானலிலிருந்து அது கசிந்து வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. செங்கால்மடையில் முதல் மழையின் பதினோராவது நிமிடத்தில் காபி குடிப்பது பொங்கலுக்குக் கரும்பு வாங்குவதைப் போல ஆகிவிட்டது. நாலு வருடத்துக்கு முன் என் கணவர் புரட்டாசியில் இறந்தார். ஐப்பசியில் மழை எப்போதும் போலச் சொன்னது. நான் எழுந்துபோய் ஆறியதைக் குடித்தேன்.

அக்டோபர் முதல் வாரம் இரண்டு போர்டுகள் சோதனைக்கு வந்தன.

முதலில் வந்தது அனலாக். மதுரையிலிருந்து ஐசக் துரை மினி லாரியில் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு சானல். நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். நிலைக்கதவு இடம் கொடுக்கவில்லை. ஐசக் நிலைக்கதவிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு கொடுத்தது.

"மேடம், இதுல மெனு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. ஒரு திருகுக்கு ஒரு வேலை. எங்க மாமனார் மாதிரி. ஒரே வேலைதான் தெரியும், ஆனா அத நிறுத்தவே மாட்டாரு."

"இரைச்சல் இருக்குமே?"

"இருக்கும் மேடம். உசுருள்ளதுக்கு மூச்சுச் சத்தம் இருக்கத்தான செய்யும்?"

"இத எத்தனை ஊர்ல சொன்னீங்க?"

"இதோட அஞ்சு" என்றார் ஐசக். ஒளிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்தது.

பாட்டிலிலிருந்து ஒரு தூறலை வாய்ஸ் ரூமில் விட்டோம். நான் கலந்தேன். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் விரலுக்கு லேசாக எதிர்த்தன. எருமைக்கன்றை இழுத்துப்போவது போல, வரும், ஆனால் அதற்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். சோதனைத் தூறல் என்பதால் மூன்று நாள் காத்திருக்கவில்லை. அரை மணியில் கடைத்தெருவில் பெய்தது. குளிக்க வைத்த வெந்நீரின் முதல் செம்பு போல இளஞ்சூடாக இருந்தது. போர்டின் இரைச்சல் மட்டும் தரையோடு தரையாகப் பனிமூட்டமாக மதியம் வரை கிடந்தது. ஒரு சானலிலிருந்து அடுத்த சானலுக்குக் கொஞ்சம் ஒழுகவும் செய்தது. கல்யாண மண்டபத் தெருவில் விழுந்த தூறலில் தவளைச் சத்தம் கலந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை நல்ல சகுனம் என்றார்கள். பெண் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

நான் ஐசக்கைக் கூட்டிப்போய் ஹாலில் கிடந்த பழைய போர்டைக் காட்டினேன்.

"இதோட பதினாலாவது சானலைக் கழற்றிப் புதுசுல மாட்ட முடியுமா?"

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, நாலு திருகைக் கழற்றி, சானலின் பட்டையை வெளியே எடுத்தார். மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"காபி வாசம் வருது மேடம்."

"வரும்."

"பட்டைய மாட்டலாம். உள்ள இருக்கிறத மாட்ட முடியாது. அது இந்தப் போர்டோட போயிருச்சு. அனலாக்னா அப்படித்தான். விட்டா விட்டதுதான், மறுபடி பிடிக்க முடியாது." பட்டையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "அதுக்காகப் பொய் சொல்லி விக்க மாட்டேன்" என்றார். பட்டையை இருந்த இடத்திலேயே வைத்து நாலு திருகையும் முடுக்கினார்.

இரண்டு நாள் கழித்து டிஜிட்டல் வந்தது. திருச்சியிலிருந்து மெஹருன்னிசா அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டாராம். "அஞ்சு வயசு ஆகலன்னு சொல்லிட்டேன்மா" என்றாள். பலகாரத் தட்டு அளவு இருந்தது. உள்ளே நாற்பத்தெட்டு சானல், நாலு அடுக்காக. ஆனால் வெளியே பன்னிரண்டு ஃபேடர்தான்.

"இப்ப இந்த ஃபேடர் இடி. இந்தப் பட்டனை அழுத்தினா இதே ஃபேடர் தவளை."

"தவளைன்னு நினைச்சு இடிய ஏத்திட்டா?"

"அன்டூ இருக்கும்மா."

"இடி விழுந்த பிறகா?"

"விழுந்தது எழுந்துக்கும்."

இரண்டாவது தூறலைப் போட்டுக் காட்டினாள். கடைத்தெருவில் பெய்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். துல்லியமான தூறல். ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக, அச்சுக் கோத்தது போல. சொட்டு முதலில் விழுந்தது, சத்தம் சற்றுப் பின்னால் வந்தது. "ஆறு மில்லிசெகண்ட்தான், யாருக்கும் தெரியாது" என்றாள் மெஹருன்னிசா. எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு பொத்தானைத் தொட்டாள். அதே தூறல் மறுபடியும் பெய்தது. பஸ் ஸ்டாண்டில் காபிக்கடை வைத்திருக்கும் வெள்ளைக்கண்ணு, வேட்டியில் விழுந்த ஏழு புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே ஏழு புள்ளிகள் விழுந்தன. பிறகு அன்டூவை அழுத்தினாள். புள்ளிகள் வேட்டியிலிருந்து கழன்று மேலே போயின. சலூன்காரர் உள்ளே எடுத்துவைத்த துண்டுகளை மறுபடி வெளியே காயப்போட்டார். தூறல் பாட்டிலுக்குள் திரும்பி வந்தது.

எங்களுக்கு டிஜிட்டல் புதிதல்ல. எட்டு மைல் தள்ளியுள்ள பொன்னாலடியில் ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். ஒரு நல்ல மழையைப் பதிந்து வைத்துக்கொண்டு வருடந்தோறும் அதையே பெய்விக்கிறார்கள். அங்கே ஐப்பசி எட்டாம் தேதி மாலை நாலு பன்னிரண்டுக்கு எல்லோரும் குடை விரிப்பார்கள். நாலு பதினொன்றுக்கு ஒருவரும் விரிப்பதில்லை. தபால்காரர் ஒருவர், எந்தச் சொட்டுக்கும் எந்தச் சொட்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு, குடையில்லாமல் நனையாமல் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறார். முதல் வருட மழையில் வழுக்கி விழுந்த ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அங்கே போய் விழுந்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. அவர் அந்த மழைக்குள் இருக்கிறார். இப்போது மாற்றலாகித் தூத்துக்குடியில் வேலை. அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வருகிறார். பொன்னாலடிக்காரர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"பழைய மழை எதாவது டேப்ல இருக்காம்மா? இதுல ஏத்திக் காட்டறேன்" என்றாள் மெஹருன்னிசா.

போன வருடத்து மழையின் டேப் மட்டும் இருந்தது. மற்றவையெல்லாம் பெய்து தீர்ந்துவிட்டவை. போன வருடம் பெய்து முடியவில்லை. கண்மாய் பாதிதான் நிரம்பியது. அதனால் அந்த டேப் மட்டும் அழியாமல் தங்கிவிட்டது. அவள் அதை ஏற்றினாள். திரையில் மழை ஒரு நீண்ட பச்சைக் கோடாக விழுந்தது. பதினோராவது நிமிடத்தில் நிறுத்தி ஒலிக்கவிட்டாள்.

"...காபி ஆறிப்போகுது."

"நல்ல குரலும்மா. யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"முன்னாடி என்னவோ சொல்ல வர்ற மாதிரி இருக்கே. வெட்டுப்பட்டிருக்கு."

"வெட்டுப்படல. தேஞ்சு போச்சு" என்றேன்.

ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று அது. முதலில் அவர் தொண்டையைச் செருமுவார். அது 2002இல் நின்றது. டபரா போர்டில் உரசும் சத்தம் 2011 வரை வந்தது. போன வருடம் 'இந்தா' வரவில்லை. முப்பது வருடம் கேட்ட பழக்கத்தில் ஊர் அதைத் தானாகவே போட்டுக் கேட்டுக்கொண்டது. காது அப்படித்தான், பற்றாததைத் தன் கையிலிருந்து போட்டுக்கொள்ளும். ஆனால் கலந்தவள் நான். பதினாலாவது சானலின் ஒலியளவு காட்டும் முள் அந்த இடத்தில் அசையவில்லை என்பதை நான் பார்த்தேன்.

"இவர மட்டும் தனியா எடுத்து, வர்ற மழையில சேக்க முடியுமா?"

மெஹருன்னிசா வெகு நேரம் முயன்றாள். திரையை அகட்டினாள், குறுக்கினாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி முயன்றாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

"உரிக்க முடியலம்மா. மழையும் அவங்களும் ஒரே கோட்டுல இருக்காங்க. உரிச்சா ரெண்டும் கிழிஞ்சிரும். ஆனா ஒண்ணு பண்ணலாம். போன வருச மழைய அப்படியே சேவ் பண்ணிட்டா, வருசா வருசம் அவங்க வருவாங்க. இதுக்கு மேல தேயவே தேயாது. நூறு வருசம் ஆனாலும் இப்படியேதான் சொல்லுவாங்க."

"மழை என்ன சொல்லும்?"

"மழை வரவே வேண்டாம்மா. லீவு குடுத்துரலாம்."

நூறு வருடம். நான் அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கு எழுபத்துநாலு வயது. நான் போன பிறகும் அவர் காபி ஆறிப்போவதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவைத்தேன். பாட்டிலில் திரும்பி வந்திருந்த தூறலைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

அன்று பிற்பகல் வெள்ளைக்கண்ணு வந்தார். கையில் வடிகட்டி இருந்தது.

"அக்கா, கடைக்காரனா வந்திருக்கேன்" என்றார். "எந்த போர்டு வாங்குனாலும் வாங்குங்க. அண்ணன் சத்தம் வரணும். ஒம்பதாவது நிமிசத்துல டிக்காசன இறக்கி வச்சிருவேன். நாப்பது டம்ளர் வரிசையா நிக்கும். அவரு சொன்னாத்தான் ஊத்துறது. அவரு சொல்லலன்னா எப்ப ஊத்துறதுன்னே எனக்குத் தெரியாதுக்கா. இத்தன வருசமா நானா ஒரு நாளும் முடிவு பண்ணதில்ல."

"யோசிக்கிறேன்."

"நல்லா யோசிங்க. டிஜிட்டலு நல்ல சாமான். என் வேட்டிய நீங்களே பாத்தீங்கள்ல? நனைஞ்ச தடமே இல்ல."

அவர் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். வடிகட்டியைக் காணோம், தோளில் பச்சைத் துண்டு இருந்தது.

"அக்கா, கம்மாய்ப் பாசன சங்கத் தலைவரா வந்திருக்கேன். சித்த முன்னாடி ஒரு ஆளு வந்துட்டுப் போனானாமே?"

"வந்தார்."

"அவன் பேச்சக் கேக்காதீங்க. போன வருச மழையே மறுபடி வந்தா மறுபடியும் அரைக் கம்மாதான். கடைமடையில நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி நின்னு போச்சு. வயல்ல எறங்கி நின்னு பாத்துட்டு வந்தேன், சோறு எறங்கல. அதையே வருசா வருசம் பாக்கச் சொல்றீங்களா?"

"அவருக்கு நாப்பது டம்ளர் ஊத்தணுமாம்."

"டம்ளர்ல ஊத்துனா நெல்லு வெளையுமா?" என்றார் காட்டமாக. "அவனுக்கென்ன, கடைக்குள்ள நிழல்ல நிக்கிறவன். கருகுன பயிர அவன் பாத்திருக்கானா?"

"பாத்ததா அவர் சொல்லல."

"சொல்ல மாட்டான். வாய்தெறந்தா காபி, காபி, காபி." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணுக்கா. நல்ல காபி போடுவான்."

போகும்போது கேட்டருகில் அவர் சற்று ஒதுங்கி நின்றார், உள்ளே வருகிற ஒருவருக்கு வழிவிடுகிறவரைப் போல. அந்த ஒருவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்தரைக்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். பௌதிகம் படித்தவளுக்கு அது கடினமான கணக்கு இல்லை. டிஜிட்டலில் என் கணவர் நூறு வருடம் இருப்பார், ஆனால் 'இந்தா' இல்லாமல் இருப்பார். ஊரில் எல்லோருக்கும் காபி ஆறிப்போவது தெரியும். என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு சொல்தான். அது ஏற்கெனவே பெய்து முடிந்துவிட்டது. அது இல்லாத மீதிக்காகக் கடைமடையை வருடந்தோறும் காயப்போட நான் தயாராக இல்லை. துக்கமாகத்தான் இருந்தது. துக்கம் இருக்கும்போது கை நடுங்கத்தான் வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

ஐசக் துரைக்குப் போன் செய்தேன். "போர்டு இங்கேயே இருக்கட்டும்" என்றேன். "கதவுகிட்டயும் சொல்லிருங்க மேடம், திரும்ப வெளிய எடுக்க மாட்டோம்னு" என்றார் அவர். சொன்னேன்.

மெஹருன்னிசாவுக்கும் செய்தேன்.

"பரவால்லம்மா" என்றாள். "எதையாவது அன்டூ பண்ணணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க. அதுக்கு மட்டும் வந்து பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

"வேண்டியிருக்காது" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அக்டோபர் பதினேழாம் தேதி காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மழை வந்தது. குடையை மடக்கி வாசலில் சாய்த்தது. மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டது. அதனால் மிதியடிதான் நனைந்தது. எப்போதும் போல வெந்நீர் கேட்டது. கொடுத்தேன். கண்ணாடி வழியாகப் புதுப் போர்டை எட்டிப் பார்த்தது.

"அனலாகா?"

"ஆமா."

"நல்லதும்மா" என்றது மழை. "பொன்னாலடிப் பக்கம் போனேன். உள்ளயே விடல. வேலை இல்ல, வீட்டுல இருங்கன்னுட்டாங்க. எந்த வீட்டுல?"

இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன். அது வெந்நீரைக் குடித்து முடித்துவிட்டு வாய்ஸ் ரூமுக்குள் போனது. "மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா? இந்த வருசம் பெருசா பெய்யலாம்னு இருக்கேன்" என்றது. தள்ளி வைத்தேன்.

பதிவு நடக்கும் அன்று நான் இரண்டு டம்ளர் காபி போடுவேன். நாலு வருடமாகவும் இரண்டுதான். இரண்டையும் போர்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டேன்.

மழை தொடங்கியது. அப்படி ஒரு தொடக்கத்தை நான் கேட்டதில்லை. முதல் இரண்டு நிமிடம் வெறும் மண்வாசனை. அதற்குத் தனி சானல் உண்டு. பிறகு ஓலைமேல் நாலு சொட்டு, அசை பிரித்து வாசிப்பது போல. பிறகு தகரம். ஐந்தாவது நிமிடத்தில் எல்லாச் சீர்களும் சேர்ந்துகொண்டன. ஃபேடர்கள் என் விரலை எதிர்ப்பதை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தன. இடியை முழங்கை உயரத்துக்கு ஏற்றினேன். கண்மாயின் சானலைத் திறந்தபோது அதன் முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, கரையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஐசக் சொன்ன மூச்சுச் சத்தம் அடியில் இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

பத்தாவது நிமிடம் முடிந்தது. பதினோராவது நிமிடத்தில் மழை குரலைத் தாழ்த்தியது.

நான் அதைத் தாழ்த்தச் சொல்லவில்லை. ஆனால் அதுவும் முப்பத்தொரு வருடமாக அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பாடுகிறவருக்கு மிருதங்கக்காரர் விடுவதுபோல, ஒரு வாக்கியம் போகிற அளவுக்கு இடம் விட்டுக் காத்திருந்தது. நான் பதினாலாவது சானலைப் பார்த்தேன். புதுப் போர்டின் பதினாலாவது சானல். முள் அசையவில்லை. மழை இன்னும் ஒரு கணம் காத்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தது. போர்டின் ஓரத்தில் இரண்டு டம்ளர்களும் ஆறிக்கொண்டிருந்தன.

கதவில் ஒட்டியிருந்த விதி எனக்குத் தெரியும். அனலாக் போர்டில் விட்டால் விட்டதுதான் என்பதும் தெரியும். டாக்பேக் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினேன்.

"இதோ, வந்துட்டேன்" என்றேன்.

பொத்தானை விட்டேன். மழை தலையசைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பெய்தது. மீதி முப்பத்தொன்பது நிமிடமும் ஒரு பிசிறு இல்லை. முடிந்ததும் வெளியே வந்து, "அந்த இடத்த இன்னொரு தடவ எடுக்கணுமாம்மா?" என்று கேட்டது.

"வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்னுதான் பட்டுச்சு" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு முதல் மழை பெய்யத் தொடங்கியது. நான் வீட்டில் இருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் வெள்ளைக்கண்ணு கடையில் டிக்காசன் இறக்கும் வாசம் மழையோடு சேர்ந்து எங்கள் தெரு வரை வந்தது. ஊரே அடுப்படியில் நின்றது. பதினோராவது நிமிடத்தில் மழை குரலைத் தாழ்த்தியது. பிறகு கோயில் கோபுரத்தின் மேல், நின்றிருந்த இரண்டு பஸ்களின் மேல், பள்ளிக்கூடத்துத் தகரத்தின் மேல், கண்மாயின் மேல், எழுபத்துநாலு வயதுக் குரல் ஒன்று பெய்தது.

"இதோ, வந்துட்டேன்."

எங்கள் ஊரில் யாராவது வருவதாகச் சொன்னால் ஒரு டம்ளர் கூடுதலாக வைப்பது வழக்கம். யார் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தங்களுக்கு ஊற்றிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு டம்ளர் வைத்தார்கள். சர்க்கரை போட்டார்கள், கலக்கவும் செய்தார்கள். வெள்ளைக்கண்ணு நாற்பது டம்ளரோடு நாற்பத்தொன்றாவதை வைத்தார். பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவரே அதற்கு ஆற்றி ஊற்றியதாகப் பிறகு சொன்னார்கள். நானும் இரண்டு டம்ளர் கலக்கி வைத்தேன். முதல் முறையாக, ஆறுவதற்கு முன்பே என்னுடையதைக் குடித்தேன்.

மழை ஐம்பதாவது நிமிடத்தில் நின்றது. அடுத்த வாரத்தில் வந்த மழைகளெல்லாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பெருசாகவே பெய்தன. கார்த்திகை முதல் வாரம் கண்மாய் நிரம்பி மறுகால் போனது. கடைமடை வரை தண்ணீர் நின்றது. ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று மழை விட்டதும் ஊரில் எல்லோரும் கூடுதலாக வைத்த டம்ளர்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் காலியாக இருந்தன. கழுவி வைத்தார்கள்.

என் வீட்டு டம்ளரும் காலியாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் சர்க்கரை கரையாமல் கிடந்தது. கழுவிக் கவிழ்த்தேன்.